ஏழு பேருக்கு ஆறு பெட்டி

‘தூரச்சுடர்’ டிவி தொடரின் இருநூற்றுப் பன்னிரண்டாம் வாரம், சுடரோன் கப்பல் நாற்பது வருஷத் தொலைவில் இருக்கிற நட்சத்திரத்துக்குக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை காலையில், கேப்டன் ஆதித்தனும் மற்ற ஐந்து பேரும் ஆளுக்கொரு உறக்கப் பெட்டிக்குள் படுத்து மூடியை இழுத்துக்கொள்ள, ஏழாவது ஆளான இன்ஜின்காரர் தளவாயைப் பார்த்து, “தளவாய், நீ நின்னு பாத்துக்கோ” என்று கேப்டன் போகிறபோக்கில் சொல்ல, தளவாயும் வழக்கம்போல “ஆகட்டும்” என்று சொல்ல, அதற்கப்புறம் ‘தொடரும்’ என்று போட்டு சோப்பு விளம்பரம் வந்திருக்க வேண்டும். மற்ற ஊர்களில் வந்தது. வெள்ளாங்கோட்டையில் வரவில்லை. ஊரில் இருந்த அத்தனை டிவியிலும் தளவாய் நின்றார். சானலை மாற்றினார்கள், நின்றார். ஸ்விட்சை அணைத்தார்கள், நின்றார். வயரைப் பிடுங்கிச் சுருட்டி பீரோவுக்கு மேல் வைத்தார்கள், அப்போதும் ஆறு பெட்டிகளுக்கு நடுவில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொங்கு மீசையோடு நின்றார். தளவாயாக நடித்த நடிகருக்கு போன் போட்டுக் கேட்டதற்கு அந்த மனுஷன், “நான் என் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், ஆளை விடுங்கள்” என்று வைத்துவிட்டார். காரணம் விசாரிக்கிற வேலை அத்தோடு முடிந்தது.

ஊர் பயந்துபோயிருக்கும் என்று நீங்கள் நினைத்தால் வெள்ளாங்கோட்டையை உங்களுக்குத் தெரியாது. முதல் நாள் டிவிக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். இரண்டாம் நாள் கதம்பம் போட்டார்கள். மூன்றாம் நாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, “தளவாயண்ணே, செத்த பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்கள். பால் பொங்கி வந்தால் தளவாய் தொண்டையைச் செருமுவார், அது தெருமுனை வரைக்கும் கேட்கும். அப்புறம் என்ன, தொட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள், மொட்டை மாடி வத்தலை, பரீட்சைக்குப் படிக்கிற மகனை, மருமகளை, மருமகள் கொண்டுவந்த நகையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள், எல்லாவற்றுக்கும் தளவாய் “ஆகட்டும்” என்றார். அரிசி ஆலைக்காரர் இருபது வருஷமாக இருந்த வாட்ச்மேனை வேலையைவிட்டு நிறுத்திவிட்டு ஆபீஸ் ரூம் டிவியை வாசல் பக்கமாகத் திருப்பி வைத்தார். ஒரு மாதத்தில், தளவாய் இல்லாத காலத்தில் எப்படித்தான் பிழைத்தோமோ என்று ஊரே பேச ஆரம்பித்துவிட்டது.

செல்லக்கனிக்கு மட்டும் அவரைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

அவள் பூரணவல்லி ஜவுளி மாளிகையில், மூன்றாவது மாடிப் பட்டுச்சேலைப் பிரிவில் பதினோரு வருஷமாக நிற்பவள். வேலை பார்ப்பவள் என்றும் சொல்லலாம், ஆனால் காலை ஒன்பதரை மணிக்கு நின்றால் சாப்பாட்டு நேரம் இருபது நிமிஷம் தவிர கடை சாத்துகிறவரைக்கும் நிற்க வேண்டும் என்பதால் நிற்பவள் என்று சொல்வதுதான் சரி. கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு சுருண்டு ஏறி, இடது கணுக்காலுக்கு மேலே ஒரு புண் வைத்திருந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, “மணிக்கு ஒரு தடவை உட்கார்ந்து காலை உசத்தி வைக்கணும் பாத்துக்க. இல்லேன்னா இது ஆறவே ஆறாது, கடைசியில காலை எடுக்கச் சொல்லுவாங்க” என்று சொல்லி, அதையே ஒரு சீட்டிலும் எழுதிக் கொடுத்து அனுப்பினாள். அந்தச் சீட்டை செல்லக்கனி மாடி சூப்பர்வைசர் தங்கதுரையிடம் நீட்டினாள். அவன் படித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, “நீ உட்கார்ந்திருந்தா வாற கஸ்டமரு என்ன நினைப்பாங்க?” என்று கேட்டான்.

என்ன நினைப்பார்கள்? ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பார்கள். வேறென்ன?

உட்கார ஸ்டூல் இல்லையா என்றால், அந்த வயிற்றெரிச்சலையும் கேளுங்கள். கடையில் நிற்கிறவர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டபோது முதலாளி ஜெயபாண்டி அண்ணாச்சி நாற்பத்தெட்டு ஸ்டூல் வாங்கினார். வாங்கி, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் குடோனில் அடுக்கி வைத்தார். ஆபீசர் வருகிற அன்றைக்கு அவை மாடிக்கு ஏறும், அவர் போனதும் இறங்கும். கடையில் நிற்கிற பெண்பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு வழி வைத்திருந்தார்கள். யாருக்காவது கால் தாங்கவில்லை என்றால், “அடியில மடிப்புக் கெடக்கு” என்பாள். பக்கத்தில் நிற்பவள் உடனே ஒரு சேலையை விரித்துப் பிடித்து மறைத்துக்கொள்ள, இவள் மேஜைக்கு அடியில் சேலை மடிக்கிறமாதிரி குந்தி இரண்டு நிமிஷம் இருந்துவிட்டு எழுந்திருப்பாள். பதினோரு வருஷத்தில் செல்லக்கனி உட்கார்ந்ததெல்லாம் இப்படி ஒளிந்து உட்கார்ந்ததுதான்.

அதனால்தான் தளவாயிடம் ஊர் பார்க்காததை அவள் பார்த்தாள். ஊர் அவர் மீசையைப் பார்த்தது, அவள் காலைப் பார்த்தாள். கடை டிவியில் அவர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பாரத்தை வலது காலிலிருந்து இடதுக்கு மாற்றினார். பிற்பகல் நாலு மணி ஆனால் ஒரு குதிகாலை மட்டும் பூட்ஸுக்குள்ளிருந்து மெதுவாக உருவி, மறு கால்மேல் வைத்து, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு மறுபடி நுழைத்துக்கொண்டார்.

“ஏட்டி ஜெபா, அந்தக் குதிகாலைப் பாரு” என்றாள் பக்கத்தில் நின்ற ஜெபமலரிடம். “நம்ம செய்யுத மாதிரியே செய்யுதாரு.”

ஜெபமலர் பார்த்தாள், பார்த்துவிட்டு, “எக்கா, பாவம்க்கா” என்றாள், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஊரில் தளவாய்க்கு ரசிகர் மன்றம் இருந்தது. கேப்டனுக்கு எல்லா ஊரிலும் மன்றம் உண்டு, தளவாய்க்கு மன்றம் வைத்தது வெள்ளாங்கோட்டை மட்டும்தான், அதில் ஊருக்கு ஏகப்பட்ட பெருமை. செயலாளர் இசக்கிராஜ், ரீசார்ஜ் கடை வைத்திருந்தவன், இருநூற்றுப் பன்னிரண்டு வாரத்தையும் வசனம் பிசகாமல் சொல்லுவான். தொடர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் அதே பத்து மணிக்கு மன்றம் கல்யாண மண்டபத்தில் கூடியது. தளவாய் தானாக நின்றாரா, நிற்க வைத்தார்களா, இதுதான் விவாதம். மாதத்துக்கு ஒரு ஞாயிறு கிடைக்கிற அரைநாள் லீவில் செல்லக்கனியும் ஜெபமலரும் போயிருந்தார்கள்.

“தொண்ணூத்தேழாம் வாரம்” என்றான் இசக்கிராஜ், மைக்கைப் பிடித்துக்கொண்டு. “தளவாயண்ணன் சுவத்துல ரெண்டு செகண்டு சாஞ்சாரே, அதை வச்சுக்கிட்டு அவரு களைச்சுட்டாருன்னு சில பேரு எழுதுதாங்க. களைப்பு இல்லய்யா அது! சுவத்துக்கு அந்தப் பக்கம் இன்ஜின் ஓடுத சத்தத்தை முதுகு வழியாக் கேட்டாரு!”

மண்டபம் கைதட்டியது.

“அவரு பொறந்த கிரகத்துல நாற்காலியே கெடையாது” என்று எழுந்தார் ஒரு பெரியவர். “உட்காரவே தெரியாது அவருக்கு.”

“எந்த வாரத்துல சொன்னாங்க?” என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

“சொல்லல. ஆனா அப்படித்தான் இருக்கும்.”

அதற்கும் கைதட்டினார்கள். செல்லக்கனிக்குப் பொறுக்கவில்லை. மைக்கெல்லாம் கேட்காமல், நின்ற இடத்திலிருந்தே கத்தினாள்.

“ஏழு பேரு போற கப்பலுக்கு ஆறு பெட்டி செஞ்சது யாரு? ஏழு வரைக்கும் எண்ணத் தெரியாதவனா நட்சத்திரத்துக்குக் கப்பல் விட்டான்? நூத்தி நாப்பதாம் வாரம் புதுசா நாற்காலி வந்து இறங்குச்சு, அன்னைக்கும் ஆறுதான். கேப்டன் பொறந்தநாளைக்கு கேக் வெட்டுனாங்க, நம்மாளு நின்னுக்கிட்டே பரிமாறுனாரு. இதை நீங்க எல்லாரும் பாத்திய. பாத்துட்டு, முதுகு வழியா இன்ஜின் சத்தம் கேட்டாராம்ல!”

“எம்மா, நின்னதாலதான் அவரு தளவாய்!” என்றான் இசக்கிராஜ். “உட்கார்ந்தா அவருக்கு என்ன பெருமை? கேப்டன் மாதிரி ஆயிருவாருல்லா?”

“ஆயிட்டுப் போறாரு! உங்களுக்கு என்ன நட்டம்?”

அன்றைக்கு மன்றம் இரண்டாக உடைந்தது. ஒரு பக்கம் இருநூற்றெண்பது பேர், ‘நின்ற சீர் தளவாய் மன்றம்’ என்று புதுப் பலகை எழுதிக்கொண்டார்கள். மறு பக்கத்தில் செல்லக்கனி, ஜெபமலர், அப்புறம் தீப்பெட்டி ஆபீஸில் குத்தவைத்து உட்கார்ந்து குச்சி அடுக்கியே முதுகு போன இரண்டு பெண்கள். நிற்கிறவளுக்கு உட்கார வேண்டும், குத்தவைத்தவளுக்கு எழுந்திருக்க வேண்டும், ஆனாலும் அவர்களுக்குள் பேச்சு ஒத்துப்போயிற்று.

விஷயம் ஜெயபாண்டி அண்ணாச்சி காதுக்குப் போனபோதுதான் வினை வந்தது. கடையில் மாடிக்கு நான்கு என்று விளம்பர டிவி மாட்டியிருந்தார், இருபதிலும் தளவாய். அண்ணாச்சி காலையில் கடை திறந்ததும் பிள்ளைகளை வரிசையாக நிற்கச் சொல்லி டிவியைக் காட்டினார். “அந்தா நிக்காரு பாருங்க. எத்தனை நாளாச்சு! தண்ணி கேட்டாரா? லீவு கேட்டாரா? டாக்டர் சீட்டுக் கொண்டாந்து நீட்டுனாரா? மனுசன்னா அது மனுசன்!” என்று சொல்லிவிட்டுத் தன் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு முழுச் சுற்று சுற்றினார். ஒரு வாரத்தில் ஊரில் இருந்த மற்ற கடைக்காரர்களும் அதையே பேசினார்கள். தையல் கடையில், பேக்கரியில், பெட்ரோல் பங்கில், யார் காலைத் தேய்த்தாலும், “தளவாய் நிக்கலையா?” என்ற கேள்வி வந்து விழுந்தது. தளவாயை உயிராக நேசிக்கிறேன் என்று சொன்ன ஊர்தான் அவரை இப்படிச் சாட்டையாக்கிக் கையில் வைத்துக்கொண்டது. கேட்டால், அது மரியாதையாம்!

தளவாய் நின்ற நூறாவது நாளும் கடையின் ஆடித் தள்ளுபடி தொடங்குகிற நாளும் ஒன்றாக வந்தன. இசக்கிராஜும் அண்ணாச்சியும் கூடிப் பேசி ‘நின்ற திருவிழா’ என்று அறிவித்தார்கள். கடை வாசலில் பந்தல், ஐம்பதடி உயரத்துக்குத் தளவாய் கட்டவுட், அதற்குப் பால். பந்தலின் முன்னால் கல்யாண வீட்டு அளவுக்கு ஒரு பெரிய திரை கட்டினார்கள், கட்டி முடித்த நிமிஷமே வயர்கூடக் கொடுக்காமல் அதிலும் தளவாய் வந்து நின்றார். திரைக்குப் பக்கத்தில் கடையின் பன்னிரண்டு பெண்கள் ஒரே நிறச் சேலையில், காலை ஆறு மணியிலிருந்து விழா முடிகிறவரைக்கும் அவருக்கு மரியாதையாக நிற்பார்கள் என்று நோட்டீசில் அச்சடித்திருந்தது. பன்னிரண்டு பேரில் முதல் பெயர் செல்லக்கனி. “மன்றத்துல வாய் பேசுனேல்லா? அதான்” என்றான் தங்கதுரை. “நடுவுல உட்கார்ந்தேன்னு வையி, அப்படியே வீட்டுக்குப் போயிரலாம். உனக்கும் சேத்துத்தான் ஜெபமலரு.”

சொந்த ஊரில் அப்பாவுக்குப் பக்கவாதம், தங்கச்சி காலேஜ் இரண்டாம் வருஷம். வேலை போனால் எல்லாம் போயிற்று. நின்றால் கால் போகும். இதில் எதைப் பிடிக்க? செல்லக்கனி சேலையைக் கட்டிக்கொண்டு போய் நின்றாள்.

ஒன்பது மணிக்குள் புண் பிசுபிசுத்து, உள்பாவாடை ஓரம் ஈரமாயிற்று. விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் உட்கார மினிவேனிலிருந்து இருக்கைகள் இறங்கின, பார்த்தால் குடோன் ஸ்டூல்! நாற்பத்தெட்டும், அதே பிளாஸ்டிக் உறையோடு! சங்கத் தலைவர்கள், மண்டபக்காரர், அரிசி ஆலைக்காரர், மன்றப் பொறுப்பாளர்கள் எல்லாரும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, நிற்பதன் மேன்மையைப் பற்றி ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். பன்னிரண்டு பெண்களும் தங்கள் ஸ்டூலை முதன்முதலாகப் பகல் வெளிச்சத்தில் பார்த்தார்கள். நீலக் கலரில் நன்றாகத்தான் இருந்தது.

“அக்கா, எனக்குக் கண்ணு இருட்டுது” என்றாள் ஜெபமலர். “அடியில மடிப்புக் கெடக்குக்கா.”

ஒளிந்துகொள்ள மேஜை இல்லை, விரித்துப் பிடிக்கச் சேலை இல்லை, எதிரே ஊர் முழுக்க நிற்கிறது. செல்லக்கனிக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியது. ஜெபமலரைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வரிசையை விட்டு வெளியே வந்து, திரைக்கு நேராகப் போய் நின்றாள். அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்தபடியே பேசிக்கொண்டிருந்தார். அவள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“தளவாயண்ணே!” என்று கூப்பிட்டாள். “கால் வலிக்கா?”

நூறு நாளில் பாலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள், வீட்டை, வயலை, கடையை, சம்சாரத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பத்தாயிரம் பேர் இருக்கிற ஊரில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. தளவாய் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். மீசை கொஞ்சம் நடுங்கியது.

“வலிக்கு, தங்கச்சி” என்றார். “முத நாள்லருந்தே வலிக்கு.”

“ஐயோ, பேச வச்சுக் கெடுத்துட்டாளே!” என்று தலையில் அடித்துக்கொண்டான் இசக்கிராஜ். “அவரு அப்படிச் சொல்லமாட்டாரு! தளவாய் அப்படிச் சொல்லுத ஆளே இல்ல!”

“சொல்லுதாருல்லா, கேளு!” என்று அவன் பக்கம் திரும்பிக் கத்திவிட்டு, செல்லக்கனி மறுபடி திரையைப் பார்த்தாள். “உட்காருங்கண்ணே.”

“இங்க உட்கார ஒண்ணுமில்லையே, தங்கச்சி. ஆறுதான் செஞ்சாங்க.”

“அப்ப கேப்டனைத் தட்டி எழுப்புங்க. நூறு நாளு நீங்க நின்னாச்சு, இனிமே அவரு நிக்கட்டும்.”

“தூங்குதாரே...”

“தூங்குனது போதும். தட்டுங்கண்ணே!”

தளவாய் கேப்டனின் பெட்டியைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து எல்லாருக்கும் சொன்ன அதே வார்த்தையை, “ஆகட்டும்” என்று, இப்போது கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். ஒரு கால் மரத்துப்போயிருந்ததால் நொண்டி நொண்டிப் போய், பெட்டியின் மூடியில் ஓங்கித் தட்டினார். வெள்ளாங்கோட்டையில் அத்தனை டிவியிலும் அந்தத் தட்டு கேட்டது. மூன்றாம் தட்டுக்கு மூடி திறந்து, கேப்டன் ஆதித்தன் எழுந்து உட்கார்ந்தார்.

கேப்டன் விழித்துவிட்டார் என்றதும் பந்தலில் இருந்த நாற்பத்தெட்டு பெரிய மனிதர்களும், அண்ணாச்சி உட்பட, மரியாதைக்கு விருட்டென்று எழுந்து நின்றார்கள். வேட்டியைச் சரிசெய்தார்கள், கைகூப்பினார்கள். அங்கே கேப்டன் கொட்டாவி விட்டுக்கொண்டு வெளியே வர, தளவாய் அந்தப் பெட்டிக்குள் இறங்கி, பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்து, காலை நீட்டிப் படுத்து, மூடியை இழுத்துக்கொண்டார். பெரிய மனிதர்கள் கைகூப்பி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது பன்னிரண்டு ஸ்டூலில் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில், அண்ணாச்சியின் ஸ்டூலில், செல்லக்கனி. எதிரே இன்னொன்றை இழுத்துப் போட்டு இடது காலைத் தூக்கி வைத்திருந்தாள். புண் எல்லாருக்கும் தெரிந்தது.

“எந்திரி!” என்று தங்கதுரை பாய்ந்து வந்தான். அதற்குள் திரையில் கேப்டன் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு காலை மாற்றினார். மறு காலை மாற்றினார். அவர் நிற்க ஆரம்பித்து இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

“ஏம்பா” என்றார் கேப்டன், “இங்க ஒரு நாற்காலி கிடைக்காதா? கால் கடுக்குதே.”

அவ்வளவுதான்! அட, அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல! நூறு நாள், நிற்பதே பெருமை, நிற்பதே அழகு என்று தொண்டை கிழியக் கத்திய இருநூற்றெண்பது பேரும், “ஐயோ பாவம், கேப்டனுக்குக் கால் வலிக்கு!” என்று அலறிக்கொண்டு நாற்காலி தேடி நாலா பக்கமும் ஓடினார்கள். மண்டபத்துக்கு ஓடினார்கள், சலூனுக்கு ஓடினார்கள். வீட்டில் இருந்தவர்கள் கட்டிலையே இழுத்து டிவிக்கு முன்னால் போட்டார்கள். இசக்கிராஜ் கண்ணில் தண்ணீர் வழிய, “நிக்குத ஆளா அவரு? நிக்குத ஆளா?” என்று கேட்டுக்கொண்டே பந்தலைச் சுற்றி வந்தான்.

அண்ணாச்சி செல்லக்கனிக்கு முன்னால் வந்து கையை நீட்டினார். குரலே மாறியிருந்தது. “எம்மா, எந்திரி. அந்த ஸ்டூலைக் குடு. கேப்டன் நிக்காருல்லா, பாக்க உனக்கு மனசு கேக்குதா?”

செல்லக்கனி திரையைப் பார்த்தாள். பக்கத்து ஸ்டூலில் ஜெபமலர் யாரோ கொடுத்த சோடாவைக் குடித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு பேரில் ஒருத்தியும் அசையவில்லை.

“கேக்குது அண்ணாச்சி” என்றாள் செல்லக்கனி. “நல்லாக் கேக்குது. நாப்பது வருசத்துல நூறு நாளுதான போயிருக்கு. மிச்சத்துக்கு அவரு நிக்கட்டும்.”